ரூடால்ப் டீஸல்

நாள்தோறும் நம் நாவில் வழங்கும் சொற்களுள் சில ஒரு காலத்தில் மனிதர்களுடைய பெயர்களாய் இருந்தன என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். வாட் என்பதும், வோல்ட் என்பதும், ஆம்பியர் என்பதும் அத்தகையனவே. இவற்றுக்குரியவர்களைப் பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணவராவது நினைவில் வைத்திருப்பர். டீஸல் என்னும் பெயருக்கோ அந்தப் பேறும் இல்லை. பாரம் ஏற்றிய லாரியை இரவெல்லாம் செலுத்துபவரும், விளைந்த வயலில் கதிரை அறுத்து அடித்துத் தூற்றும் பெரிய இயந்திரத்தை நடத்துபவரும், கிணற்றடியில் எஞ்சினுக்கு எண்ணெய் வார்க்கும் குடியானவரும் அதனை ஓர் எண்ணெயின் பெயராகவே அறிவர். அந்தப் பெயரைத் தாங்கியவர் ஒருவர் இருந்தார், கல்வியாற் சிறந்தவர், பெருஞ்செல்வம் சேர்த்து அதனை முழுதும் இழந்தவர், தாம் படைத்த இயந்திரம் உலகை ஆளப்போகும் தறுவாயில் நள்ளிரவில் கடலில் மறைந்தவர். அவருடைய வரலாற்றை நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ரூடால்ப் டீஸல் 1858-ம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ந் தேதி பாரிஸ் நகரத்தில் பிறந்தார். தந்தையார் தியோடர் டீஸல், பவேரியா நாட்டு ஔக்ஸ்பர்க் நகரத்தினர். புத்தகம் கட்டுதலும் தோற்சாமான் செய்தலும் அவர் தொழில். குடும்பத்தில் வறுமை இல்லாவிடினும் வளமும் இல்லை. தந்தையார் செய்த பைகளையும் பெட்டிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றி, வாங்கினவர் வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது சிறுவனுடைய வேலை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவன் சென்ற இடம் பாரிஸில் உள்ள கலைத்தொழிற் காட்சிசாலை. குய்ஞோ என்னும் பிரெஞ்சு வீரர் பீரங்கிகளை இழுத்தற்பொருட்டு 1770-ம் வருஷத்தை ஒட்டிச் சமைத்த நீராவி வண்டி அங்கே நின்றது. இன்றும் அந்தக் காட்சிசாலையிலேயே நிற்கிறது. பாரவண்டிகளுக்கெல்லாம் பாட்டன் என்று சொல்லத்தக்க அந்த வண்டியையும் மற்ற யந்திரங்களையும் அச்சிறுவன் எழுதுகோல் கொண்டு வரைந்து பழகினான்.

1870-ம் வருஷத்தில் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் மூண்டது. பாரிஸில் வாழ்ந்த ஜெர்மானியர் யாவரும் நகரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டீஸல் குடும்பத்தார் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தனர். அங்கே பிழைப்புக்கு வழியின்றி வருந்திய பெற்றோர், பன்னிரண்டு வயதுப் பாலகனைத் தனியே ஔக்ஸ்பர்க்குக்கு அனுப்பினர். அங்கிருந்த உறவினர் பார்னிக்கல் என்பவர் கணித ஆசிரியர். அவர் வீட்டில் தங்கி ரூடால்ப் தொழிற்பள்ளியில் பயின்றான். இரண்டு வருஷங்களுக்குள் தான் யந்திர சாஸ்திரியாகவே ஆவதென்று உறுதிசெய்து பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். போரினால் குடியிழந்து, யாருமறியாத ஊரில் பிறர் சோற்றில் வளர்ந்த பிள்ளைக்குத் தன் கல்வியே முதல் என்பது விளங்கியிருத்தல் இயல்பே.

அப்பள்ளியிலிருந்த சிறு கருவி ஒன்று அவனைப் பெரிதும் கவர்ந்தது என்பர். அது ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு முனை மூடியது. மறு முனையில் இறுகப் பொருந்திய தண்டு. தண்டினை ஓங்கி அடித்தால் உள்ளிருக்கும் காற்று அமுங்கிச் சூடேறும். அச்சூட்டினால் அடியில் வைத்த பஞ்சு தீப்பற்றும். மலாய் மக்களும் தென்கிழக்காசியத் தீவினரும் தொன்றுதொட்டுத் தீ மூட்டக் கையாண்டது இத்தகைய கருவியே. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு சூடேறுவதை நம்மில் யாவரும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். அந்தச் சூடே பின்னர் ஆயிரக்கணக்கான மணங்கு பாரத்தை மலைமீது ஏற்றும் சக்தியாயிற்று.

1875-ல் உதவிச் சம்பளம் பெற்று மூனிக் நகரத்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பனிக்கட்டி செய்யும் யந்திரத்தால் புகழ்பெற்ற கார்ல் வான் லிண்டே. 1878-ம் வருஷத்தில் ஒரு நாள், நீராவி யந்திரமானது நிலக்கரி தரும் வெப்பத்தில் நூற்றுக்கு 6 முதல் 10 பங்கையே வேலையாக மாற்றுகிறது, எஞ்சியதெல்லாம் வீண் என்று லிண்டே வகுப்பில் விளக்கினார். சாதி கார்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1824-லேயே வெப்பத்திலிருந்து பெறக்கூடிய வேலைக்கு எல்லை யாதென்று கணித்திருந்தார். அந்த எல்லைக்கு மிக அருகில் செல்லும் எஞ்சினை ஏன் செய்தலாகாது என்னும் எண்ணம் அன்று டீஸலின் உள்ளத்திற் புகுந்தது. தம் குறிப்புப் புத்தகத்தின் ஓரத்திலும் அதனைக் குறித்துக் கொண்டார். பதினைந்து வருஷங்கள் அவ்வெண்ணம் அவரை விடவில்லை. டைபாய்டு ஜுரத்தால் உரிய காலத்தில் பரீட்சை எழுத இயலாது போய், அடுத்த வருஷம் 1880-ல் எழுதியபோது மிக உயர்ந்த தேர்ச்சி பெற்றார்.

படிப்பு முடிந்ததும் பாரிஸ் சென்று லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலையில் அமர்ந்தார். 1883-ல் மார்த்தா பிளாஷே என்னும் மங்கையை மணந்தார். இரு புதல்வரும் ஒரு புதல்வியும் பிறந்தனர். பகலில் பனிக்கட்டி வேலை. மற்ற நேரமெல்லாம் எஞ்சின் ஆராய்ச்சி. முதலில் நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியைக் கொண்டு ஓட்டிப் பார்த்தார். அது பயன் தரவில்லை. 1890-ல் பெர்லினுக்கு இடம் மாறினார். குளிரைச் செய்யும் கலையில் பத்து வருஷங்களுக்கு மேல் உழன்ற ஒருவரே வெப்பத்தை ஆளும் எஞ்சினைக் கண்டார் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆயின் இரண்டிற்கும் சாஸ்திரம் ஒன்றே. வாயுக்களை அமுக்குதலும் விரித்தலுமே இரண்டிடத்தும் தொழில்.

அவருடைய எண்ணத்தை இங்கே சிறிது விளக்குவோம். பெட்ரோல் எஞ்சினில் எண்ணெயும் காற்றும் கலந்து உள்ளே சென்று மின்பொறியால் பற்றும். அக்கலவையை அளவுக்கு மிஞ்சி அமுக்கினால் பொறி வருமுன்னரே எரிந்து கேடு விளையும். ஆகையால் அந்த எஞ்சினை அமுக்கத்தில் ஓர் எல்லைக்கு மேல் கொண்டுபோக முடியாது. டீஸலோ காற்றை மட்டுமே ஸிலிண்டருக்குள் விட்டு மிகவும் அமுக்கினார். இப்போதைய லாரி எஞ்சின்களில் காற்றின் பருமன் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கி, அதன் சூடு 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்செல்லும். அத்தருணத்தில் எண்ணெயை நுண்துளியாகச் சிதறச் செய்தால் அது தானே பற்றிக்கொள்ளும், பொறி வேண்டுவதில்லை. காற்று அமுங்கும் அளவு மிகுதலால், எரிந்த வாயு விரியும் அளவும் மிகுகிறது. எண்ணெயின் வெப்பம் வேலையாக மாறுதலும் அதற்கேற்ப மிகுகிறது. இதுவே சூத்திரம்.

1892-ல் விண்ணப்பம் செய்து, 1893-ம் வருஷம் பிப்ரவரி 23-ந் தேதி 67207 என்னும் எண்ணுள்ள ஜெர்மன் பேட்டெண்டு உரிமையைப் பெற்றார். அதே வருஷத்தில் தம் கொள்கையை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். அந்நூலில் கண்ட நோக்கம் ஒன்றை நாம் குறிப்பாக எடுத்துக் கூற வேண்டும். நீராவி யந்திரம் பெரிதாய் இருந்தால்தான் சிக்கனமாய் ஓடும். ஆதலின் பெருமுதல் உடையவர்களே சக்தியை மலிவாகப் பெற்றனர். தச்சரும், நெசவாளரும், கொல்லரும் ஆலைகளுக்கு முன் நிற்க மாட்டாமல் தொழிலை இழந்தனர். சிறு பட்டறையிலும் பெரிய ஆலைக்கு நிகரான சிக்கனத்தோடு ஓடும் சிறு எஞ்சின் ஒன்று கிடைக்குமாயின், கைத்தொழிலாளர் தம் வீட்டிலும் சிற்றூரிலும் இருந்தபடியே தலைநிமிர்ந்து வாழ்வர் என்று அவர் நம்பினார். தள்ளுவண்டியில் தோற்பைகளை ஏற்றிச் சென்ற சிறுவனுடைய நெஞ்சம் அந்நூலின் கணக்குகளினூடே பேசுகிறது என்று நாம் கருதுகிறோம்.

கணக்கு வேறு, இரும்பு வேறு. நூலில் 250 வாயுமண்டல அமுக்கம் என்று எழுதியிருந்தார். அக்காலத்து எந்த உலோகமும் எந்த மூட்டும் அதனைத் தாங்கியிராது. அவரே அதனைப் பன்மடங்கு குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஔக்ஸ்பர்க் யந்திரசாலைத் தலைவர் ஹைன்ரிக் வான் பூஸ் என்பவரும், எஸ்ஸென் நகரத்துக் குருப் நிறுவனத்தாரும் பொருளும் இடமும் உதவ முன்வந்தனர். 1893 ஆகஸ்டு 10-ந் தேதி முதல் எஞ்சினை வெளிச்சக்தியால் சுழற்றி எண்ணெயை உட்செலுத்தினர். எண்ணெய் பற்றியது, உடனே அமுக்கத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்ற டீஸலும் உடன் இருந்தவரும் உயிர் தப்பியதே பெரிது. ஆயின் டீஸல் அதனைத் தோல்வியாகக் கருதவில்லை. காற்றின் சூட்டினால் எண்ணெய் பற்றும் என்பது மெய்ப்பட்டது அல்லவா?

எஞ்சினைப் பெரிதும் மாற்றி அமைத்து மறு வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி மீண்டும் ஓட்டினர். யந்திரசாலையின் பொதுத் தண்டிலிருந்து தோல்வாரினால் அதனைச் சுழற்றிக் கொண்டிருந்தனர். திடீரென்று வாரின் தளர்ந்த பக்கம் இறுகிற்று, இறுகிய பக்கம் தளர்ந்தது. அதாவது, இழுக்கப்பட்டுக் கொண்டிருந்த எஞ்சின் தானே இழுக்கத் தலைப்பட்டது. அதனை முதலிற் கண்டவர் எஞ்சினருகில் நின்ற தொழிலாளி ஒருவர். அவர் வாய் திறவாமல் தம் தொப்பியைக் கழற்றினார். நிமிஷத்துக்கு 88 சுற்று வீதம், ஒரே ஒரு நிமிஷமே அன்று எஞ்சின் தன் சக்தியால் ஓடியது. கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் ஆரவாரங்கள் பல உண்டு. பேசாமல் கழற்றிய அந்தத் தொப்பியே நமக்கு அவற்றினும் மேலாகத் தோன்றுகிறது.

இன்னும் மூன்று வருஷங்கள் சென்றன. 1897 பிப்ரவரி 17-ல் மூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் எஞ்சினை முறைப்படி பரிசோதித்தார். அஃது ஒற்றை ஸிலிண்டர் எஞ்சின். விட்டம் 250 மில்லிமீட்டர், பிஸ்டன் செல்லும் நீளம் 400 மில்லிமீட்டர். உயரம் 3 மீட்டரை ஒட்டியது. எடை நாலரை டன். சக்தியோ 20 குதிரைச்சக்திக்குள். எனினும் எண்ணெயின் வெப்பத்தில் நூற்றுக்கு 26.2 பங்கு வேலையாக மாறியது. அக்காலத்து நல்ல நீராவி யந்திரங்கள் இதில் பாதியளவுகூட எட்டவில்லை. அந்த எஞ்சினை இன்றும் மூனிக் நகரத்து ஜெர்மன் காட்சிசாலையில் காணலாம். எஞ்சினுக்கு என்ன பெயர் இடலாம் என்று அவர் பலவாறு எண்ணிக் கொண்டிருக்க, உம்முடைய பெயரையே இட்டுவிடும் என்று மனைவியார் மார்த்தா யோசனை கூறினாராம்.

செல்வம் வெள்ளமாய்ப் பெருகியது. அமெரிக்காவில் பீர் வடிக்கும் தொழிலால் செல்வரான அடால்பஸ் புஷ் என்பவர் அந்நாட்டு உரிமைக்கு மட்டும் பத்து லட்சம் மார்க்குக் கொடுத்தார். ருஷியாவில் நோபல் குடும்பத்தாரும், பெல்ஜியத்தில் கேரல்ஸ் நிறுவனத்தாரும், சுவிட்ஸர்லாந்தில் ஸுல்ஸர் நிறுவனத்தாரும் உரிமை பெற்றனர். நாற்பது வயதில் டீஸல் லட்சாதிபதியானார்; மூனிக்கில் அரண்மனை போன்ற மாளிகை எடுத்தார்.

இனி வருவது கசப்பான பகுதி. பரிசோதனைச் சாலையில் ஷ்ரோட்டர் முன்னிலையில் ஓடிய எஞ்சின் வேறு. ஒரு தொழிற்சாலையில், யந்திர சாஸ்திரம் அறியாத ஓர் ஆளின் பொறுப்பில், மாதக்கணக்கில் இரவும் பகலும் ஓட வேண்டிய எஞ்சின் வேறு. முதலில் விலையான எஞ்சின் 1898-ல் கெம்ப்டன் என்னும் ஊரில் உள்ள தீப்பெட்டித் தொழிற்சாலைக்குச் சென்றது. அது அடிக்கடி நின்றது. ஔக்ஸ்பர்க்கிலிருந்து ஆட்கள் திரும்பத் திரும்பச் சென்று பழுது பார்க்க நேர்ந்தது. எண்ணெயைச் சிதறச் செய்யும் துளைகள் அடைத்துக்கொண்டன. அமுக்கிய காற்றைத் தரும் துணைப்பம்பு தொல்லை தந்தது. டீஸலின் பெயரால் ஔக்ஸ்பர்க்கில் தொடங்கிய எஞ்சின் தொழிற்சாலையோ, செய்த எஞ்சின்களைத் திரும்பப் பெறவேண்டிய நிலைக்கு வந்து முடிவில் மூடப்பட்டது. பெரும்பொருள் தந்து உரிமை வாங்கியவர்கள் முறையிட்டனர். டீஸலின் உடலும் மனமும் தளர்ந்தன. 1898-ன் இறுதியில் அவர் வைத்தியசாலையில் ஓய்வு கொள்ள வேண்டியதாயிற்று.

சக்தி வேறு, நம்பகம் வேறு என்பதை யந்திரத் தொழிலில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் சரிதை நமக்குத் தெரியவில்லை. நூற்றுக்கு 26 பங்கு என்னும் எண்ணை ஒரு நாளில் அளந்துவிடலாம். ஆயிரம் மணி நேரம் நில்லாமல் ஓடும் என்பதை ஆயிரம் மணி நேரம் ஓட்டியே அறிய வேண்டும். அந்த நீண்ட வேலையைச் செய்தவர்களின் பெயர்கள் பலருக்குத் தெரியா. ஔக்ஸ்பர்க்கில் இம்மானுவேல் லௌஸ்டர் என்னும் பொறியாளரும் அவருடைய கூட்டத்தாரும் பொறுமையாக ஒவ்வோர் உறுப்பையும் திருத்தித் திருத்தி, புது நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் எஞ்சினை நம்பத்தக்கதாக்கினர். டீஸல் அவர்களுக்குரிய புகழை அவர்களுக்குப் போதிய அளவு பங்கிட்டுத் தந்தார் என்று நாம் சொல்ல முடியாது. அவர் நுண்ணறிவினர், அன்பினர், ஆயின் எஞ்சின் முடிந்துவிட்டது என்று உலகுக்கு அறிவிப்பதில் அவசரக்காரர்.

1900-ம் வருஷத்துப் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய எஞ்சினுக்கு மிக உயர்ந்த பரிசு கிடைத்தது. அங்கே ஓடிய ஒரு சிறு டீஸல் எஞ்சினைப் பிரெஞ்சு அரசாங்கத்தாரின் விருப்பப்படி நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டினர். பார்த்தவர்களுள் பலர் வேறுபாட்டை உணரவேயில்லையாம். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையைக் கொண்டே அங்குள்ள எஞ்சின்களை நடத்தலாமா என்பது அவர்கள் கேள்வி. 1912-ல் டீஸல் இதனை நினைவுகூர்ந்து, தாவர எண்ணெய்கள் ஒரு காலத்தில் மண்ணெண்ணெய்க்கு ஒப்பாக மதிக்கப்படும் என்ற கருத்தை வெளியிட்டார். கடலைச் செக்குகள் நிறைந்த நாட்டில் வாழும் நமக்கு இச்செய்தி ஒரு தனிச் சுவை உடையது.

எஞ்சின் நம்பகம் பெற்றதும் முதலில் தண்ணீரில் இறங்கியது. 1903-ல் ருஷியாவின் வால்கா நதியில் வாண்டல் என்னும் எண்ணெய்க் கப்பல் டீஸல் எஞ்சினால் சென்றது. 1912-ல் டென்மார்க்கில் கட்டிய ஸெலாண்டியா என்னும் பெருங்கப்பல், நீராவி இன்றிக் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை சென்று மீண்டது. ஆனால் டீஸல் விரும்பிய சிறு எஞ்சின் மட்டும் வசப்படவில்லை. எண்ணெயை அமுக்கிய காற்றினால் ஊதிச் செலுத்தும் முறையே அன்று இருந்தது. அதற்குத் தனிப் பம்பும் காற்றுக் கலங்களும் வேண்டும். அவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு ஒரு லாரி எவ்வாறு ஓடும்? 1908-ம் வருஷத்தை ஒட்டி அவர் லாரிக்கேற்ற எஞ்சின் செய்ய முயன்றார், முயற்சி கைகூடவில்லை.

இதற்கிடையில் பொருள் கரைந்தது. யந்திரத்தில் நுண்கணக்கு அறிந்தவர் வியாபாரத்தில் கணக்கறியாதவராய் இருந்தார். கலீஸியா எண்ணெய்க் கிணறுகளிலும் நிலம் வாங்கி விற்கும் தொழிலிலும் பெருந்தொகை இழந்தார். தொழிலாளரே சிறு தொகை சேர்த்துத் தமக்கென்று தொழிற்சாலைகளை அமைத்துக்கொள்ளும் ஒற்றுமைத் திட்டம் ஒன்றை விளக்கி 1903-ல் நூல் எழுதினார். அதனை வாங்கினவர் சிலரே. அவர் தம் வாழ்நாளின் சிறந்த செயலாக மதித்தது எஞ்சினையன்று, இத்திட்டத்தையே என்பர். அறிஞர் சிலர் அவர் புகழையும் தாக்கினர். காற்றின் சூட்டினாலும் எரிகலத்தின் சூட்டினாலும் எண்ணெயைப் பற்றவைக்கும் எஞ்சின்கள் முன்பும் இருந்தன என்றனர். இங்கிலாந்தில் ஆக்ராய்டு ஸ்டூவர்ட் என்பவர் 1890-லேயே ஓர் எண்ணெய் எஞ்சினுக்கு உரிமை பெற்றிருந்தது மெய்யே. ஆயினும் அவ்வெஞ்சினைக் கிளப்ப வெளியிலிருந்து தீயிட்டுச் சூடேற்ற வேண்டும். காற்றை அமுக்குவதனாலேயே பற்றச் செய்யும் அளவுக்கு அது செல்லவில்லை. 1912 நவம்பரில் கப்பற் பொறியாளர் சபையில் டீஸல் தம் எஞ்சின் பிறந்த வரலாற்றை எடுத்துரைத்தபோது சபையிலேயே எதிர்ப்பு எழுந்தது. 1913-ல் லூடர்ஸ் என்னும் பேராசிரியர் டீஸலின் புகழ் வெறுங் கட்டுக்கதை என்று காட்டப் புகுந்து ஒரு நூலே வெளியிட்டார்.

1913 செப்டம்பர் 29-ந் தேதி மாலை ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறி டீஸல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். உடன் சென்றவர்கள் அவர் நண்பர் ஜார்ஜ் கேரல்ஸும் ஒரு பொறியாளரும். இரவு உணவுக்குப்பின் மூவரும் மேல்தட்டில் உலாவினர். பத்து மணிக்குப் பிரிந்தனர். காலை ஆறேகால் மணிக்குத் தம்மை எழுப்புமாறு டீஸல் சொல்லிச் சென்றார். காலையில் அறையில் அவர் இல்லை. படுக்கையில் படுத்த அடையாளமும் இல்லை. அவருடைய தொப்பியும் மேலங்கியும் கப்பலின் பின்புறக் கைப்பிடியருகே மடித்து வைத்தபடி காணப்பட்டன. அக்டோபர் 10-ந் தேதி ஒரு டச்சுக் கப்பலார் கடலில் ஓர் உடலைக் கண்டனர். கடல் கொந்தளித்தமையால் சட்டைப்பையில் இருந்த பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டனர். மூக்குக்கண்ணாடிக் கூடு முதலிய அப்பொருள்களை இளைய மகன் ஔகேன் தம் தந்தையாருடையவை என்று அடையாளம் கூறினார். கடன் முற்றியிருந்ததை எண்ணி அவர் தாமே உயிர்நீத்தார் என்பர் பலர். போர் நெருங்கிய காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு உயிரான எஞ்சினின் இரகசியம் இங்கிலாந்துக்குச் செல்லாதபடி பகைவர் செய்த செயல் என்பாரும் உண்டு. இரண்டாவது கூற்றுக்குச் சான்று ஒன்றும் அகப்படவில்லை. அவர் வீட்டார் கண்டது வெறுமையான பேரேடுகளையே. அப்போது அவருக்கு வயது 55.

அவர் எட்டாத எல்லையைப் பின்வந்தவர் எட்டினர். பென்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த புரோஸ்பர் லொராஞ்சு என்பவர் 1909-லேயே ஒரு சிறு முன்னறையில் எண்ணெயைப் பற்றவைக்கும் முறைக்கு உரிமை பெற்றிருந்தார்; அதனால் காற்று ஊதும் பம்பு தேவையற்றதாயிற்று. யுத்தம் முடிந்தபின் அம்முறையைக் கொண்டு 1923-ம் வருஷ அளவில் பென்ஸ் நிறுவனத்தார் டீஸல் உழுயந்திரத்தையும் லாரியையும் வெளியிட்டனர். 1924-ல் டீஸலின் சொந்த ஊராகிய ஔக்ஸ்பர்க்கிலிருந்தே, எண்ணெயை நேரே ஸிலிண்டருக்குள் செலுத்தும் எஞ்சின் பூட்டிய லாரி ஒன்று புறப்பட்டு, நூரெம்பர்க் வரை 140 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை மணி நேரத்திற் கடந்தது. அதன் சக்தி 40 குதிரைச்சக்தி. 1927-ல் பாஷ் தொழிற்சாலையார் எண்ணெய் செலுத்தும் பம்புகளை மிக நுண்ணிய அளவுடன் மொத்தமாகச் செய்து விற்கத் தொடங்கினர். அப்பம்பு கிடைத்த பின்னரே டீஸல் எஞ்சின் எங்கும் பரவியது. ஆல்பிரட் பூக்கி என்னும் சுவிஸ் பொறியாளர், வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு விசிறியைச் சுழற்றி மிகுதியான காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் வழியைக் கண்டார்; அதனால் 1920-களில் கப்பல் எஞ்சின் ஒன்று 1,750 குதிரைச்சக்தியிலிருந்து 2,500-க்கு உயர்ந்தது.

வயலிலும் சாலையிலும் இந்த எஞ்சின் ஏன் வென்றது என்பதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் முன்காலத்து அறுவடை யந்திரம் ஒன்றை இழுக்க முப்பது கோவேறு கழுதைகள் வரை பூட்டுவர். அறுவடைக் காலமோ சில வாரங்களே. கதிர் முற்றி நிற்கிறது; மேகம் திரள்கிறது; அன்று எஞ்சின் நின்றுவிட்டால் ஒரு வருஷத்து உழைப்பு மழையில் அழுகும். வைக்கோல் தூசியும் பதரும் காற்று வடிகட்டியை அடைக்கும். வெயில் எஞ்சினைச் சூடாக்கும். அடர்ந்த கதிர் திடீரென்று உள்ளே புகும்போது சுமை இரட்டிக்கும். எனினும் கதிரடிக்கும் உருளையின் வேகம் குறையலாகாது, குறைந்தால் மணி வைக்கோலோடு போய்விடும். டீஸல் எஞ்சினில் காற்றை மட்டுப்படுத்தும் கதவு இல்லை. சுமைக்கேற்ப எண்ணெயை மட்டும் கூட்டவும் குறைக்கவும் செய்யும் கட்டுப்பாடு இருப்பதால் அது விரைவாகத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். தூசியினாலும் ஈரத்தினாலும் கெடும் மின்பொறி உறுப்புகளும் அதற்கில்லை. மிகுந்த அமுக்கத்தைத் தாங்கவேண்டித் தடித்த உலோகத்தால் செய்யப்படுவதால் நெடுநாள் உழைக்கும். டீஸலை வருத்திய அந்தப் பாரமே இவ்வகையில் நன்மையாயிற்று. இன்றைய பெரிய அறுவடை யந்திரங்கள் 700 குதிரைச்சக்திக்கு மேலும் உடையன. நெடுந்தூர லாரி எஞ்சின்கள் பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடியும் உழைக்கின்றன. கப்பல்களின் பெரிய எஞ்சின்களோ எண்ணெயின் வெப்பத்தில் பாதிக்கு மேலும் வேலையாக மாற்றுகின்றன.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. டீஸல் எஞ்சினின் புகையில் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் மிகுதி. 2012-ல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் அப்புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் என்று அறிவித்தனர். ஆதலின் இக்காலத்து லாரிகளிலும் அறுவடை யந்திரங்களிலும் கரியைப் பிடிக்கும் வடிகட்டிகளும், யூரியா நீரால் புகையைத் தூய்மைசெய்யும் கலங்களும் சேர்ந்திருக்கின்றன. அவை பழுதுபடுங்கால் எஞ்சினும் தன் முழுச் சக்தியைத் தருவதில்லை என்று லாரிக்காரர் குறைபட்டுக்கொள்வதை நாமும் கேட்டிருக்கிறோம். நம்பகத்தைத் தேடும் பழைய போராட்டம் புதிய உறுப்புகளோடு மீண்டும் தொடங்கியிருக்கிறது போலும்!

சிறு தொழிலாளர்க்கென்று அவர் கனவு கண்ட சிறு எஞ்சின் என்னவாயிற்று என்று நண்பர்கள் கேட்கலாம். அதனை நிறைவேற்றியவர் ஜெர்மானியர் அல்லர். யமவோகா மாகோகிச்சி என்னும் ஜப்பானியர், ஏழைக் குடியானவர் குடும்பத்திற் பிறந்தவர், உழவருடைய கைவேலையைக் குறைக்கும் நோக்கத்தோடு 1933-ல் ஐந்தாறு குதிரைச்சக்தி அளவுடைய சிறிய டீஸல் எஞ்சினைச் செய்து முடித்தார். நீர் இறைக்கவும் நெல் குத்தவும் சிறு படகு செலுத்தவும் அது பயன்பட்டது. அவர் யுத்தத்திற்குப்பின் ஜெர்மனிக்குச் சென்றபோது டீஸலுக்கென்று தக்க நினைவுச்சின்னம் இல்லாமை கண்டு வருந்தினார். ஜப்பானிலிருந்து கற்களைக் கப்பலேற்றி அனுப்பி, ஔக்ஸ்பர்க் நகரத்துப் பூங்கா ஒன்றில் 1957-ல் ஒரு நினைவுத் தோட்டம் அமைத்துத் தந்தார். கல்லறையில்லாத மனிதருக்கு அந்தக் கற்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.